நீலம் யார் சேர்த்தது

ஒளி அளக்கும் கருவியின் விளக்கு சூடேற இருபத்தைந்து நிமிஷமாவது ஆகும், அதுவரைக்கும் உட்காரு என்று ஷகிலாக்கா நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். தமயந்தி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மடியில் இருந்த பையைத் திறந்து இரண்டு குப்பிகளும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். இருந்தன. அவிநாசியிலிருந்து கோயம்புத்தூர் வருவதற்குள் பேருந்தில் நான்கு தடவை பார்த்தாயிற்று, இந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்னொரு தடவை. சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பிகள், ஒன்றுக்குக் கறுப்பு மூடி, ஒன்றுக்குச் சிவப்பு மூடி. இரண்டிலும் ஒரே பொடிதான், திங்கட்கிழமை ஒரே பாத்திரத்தில் விளைந்த ஒரே படிகம், பகல் வெளிச்சத்தில் மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் வறுக்காத ரவை மாதிரி சும்மா கிடக்கும். கறுப்பு மூடிக் குப்பியில் இருப்பதை எப்போதும்போலக் காகிதத்தில் கொட்டிக் காயவைத்தாள். சிவப்பு மூடிக் குப்பியில் இருப்பதைக் கண்ணாடித் தட்டில் காயவைத்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்தபோது, குளிரூட்டிக் காற்று கழுத்தின் பின்பக்கம் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. புற ஊதா டார்ச் பையின் ஓரத்தில்தான் இருந்தது, பேனா அளவு. அதை எடுத்து ஒரு விநாடி அடித்தால் போதும், எது வெள்ளையாக ஒளிர்கிறது, எது இல்லை என்று கண்ணே சொல்லிவிடும். திங்கட்கிழமையிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. கண் சொல்வதெல்லாம் சான்று ஆகுமா, கருவி சொல்லட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது சாக்கு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பையின் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினாள்.

"என்ன தமயந்தி, புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்க வந்தவ மாதிரி பையக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கே" என்றாள் ஷகிலாக்கா, பதிவேட்டில் இவள் பெயரை எழுதிக்கொண்டே. இந்தக் கருவி அறைக்கு அவள்தான் இருபத்திரண்டு வருஷமாகப் பொறுப்பு. பேராசிரியர்கள் வருவார்கள், ஓய்வு பெறுவார்கள், அவள் மட்டும் இந்தக் குளிரில் ஊதா நிற ஸ்வெட்டரோடு அப்படியே இருக்கிறாள். "பதினொண்ணுல இருந்து பன்னெண்டு உன்னோட நேரம். விளக்குக்கு இருவத்தஞ்சு போச்சுன்னா மிச்சத்துல ரெண்டு அளவுதான் எடுக்க முடியும், மூணாவது கேட்டுக் கெஞ்சாத. பன்னெண்டு மணிக்குப் பயோடெக் பொண்ணு வந்துருவா, அவ அழுவா." ரெண்டு போதுங்க அக்கா என்றாள் தமயந்தி. ரெண்டு போதும், ரெண்டுதான் இருக்கிறது, கறுப்பு ஒன்று சிவப்பு ஒன்று. போதும் என்று சொன்ன குரல் தன்னுடையதுபோலவே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது. இன்று புதன். ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் முழுக்க அந்த வெள்ளைதான், மற்ற மூன்றும் அதற்குப் போகும் வழி. அதே வெள்ளையைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு முன் மூன்று வரி எழுதியிருந்தார். வேலை அழகாக இருக்கிறது, புதிதாக ஒரு தொகுதி விளைவித்து மறுபடி அளந்து காட்டவும், முக்கியமாக ஒளி வளைகோட்டில் தெரியும் அந்த நீல மேட்டை. ஒரு மணி நேர வேலைம்மா என்றார் அவளுடைய வழிகாட்டி ருக்மாங்கதன் சார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவன் சென்னியப்பன் கொள்ளுப் பருப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே அதைக் கேட்டான். கேலியாகத்தான் கேட்டான், அவன் எதையும் கேலியாகத்தான் கேட்பான். திருப்பூரில் பனியன் துணி வெளுக்கும் யூனிட்டில் பதினாறு வருஷமாக மேற்பார்வை, வீட்டுக்கு வரும்போது சட்டையில் ஈரத் துணியின் மணமும் ஏதோ புளித்த மணமும் சேர்ந்து வரும். "எங்க யூனிட்ல தெனமும் மூணு டன் வெள்ளை பண்றோம் அம்மிணி. ஒருத்தனும் டாக்டர் பட்டம் தர மாட்டேங்கறான்." அவள் சிரித்தாள். "உங்க வெள்ளை வேறங்க, இது தானா வெளிச்சம் விடுற வெள்ளை." அவன் விரலை நக்கிவிட்டுச் சொன்னான், "எல்லா வெள்ளையும் ஒண்ணுதான். துணி பொறப்புல மஞ்சள். எத்தனை வெளுத்தாலும் ஒரு மஞ்சள் நிக்கும், போகாது. அதுக்கு மேல வெளுப்பு மருந்து போடோணும். மருந்து நீலமா மின்னும். மஞ்சளும் நீலமும் சேந்தாத்தான் நம்ம கண்ணுக்கு வெள்ளை. இவ்வளவுதான் சூட்சுமம். சரி, உன்ற பொடியில நீலத்தை யாரு சேத்தா?" யாரும் சேக்கலீங்க, அது தானா வருது என்றாள். "தானா வருதா. அப்ப எங்க மொதலாளிகிட்ட சொல்லோணும், மருந்துச் செலவு மிச்சம்." அதோடு அவன் மோர் கேட்டான், அவள் எழுந்து போய் மோர் எடுத்தாள், பெருங்காயம் போட்டாள். உப்பு போடும்போது கை நின்றது. உப்பு ஜாடிக்கு அடியில் அவள் விரித்து வைத்திருந்தது ஒரு பழைய காகிதம், ஆய்வேட்டின் அச்சுப் பிழையான பக்கம், பளிச்சென்ற வெள்ளை. காகிதம் மட்டும் பிறப்பிலேயே வெள்ளையா என்ன. மரக்கூழ் என்ன நிறம். யார் சேர்த்தது. மோரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் அதன் பிறகு ஒரு கவளமும் சாப்பிடவில்லை. உடம்புக்கு என்ன என்று அவன் கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் அந்த மருந்தின் பெயர் புழங்குகிறது, அவனுடைய வேட்டியிலும் இவளுடைய ஆய்வக வெள்ளைக் கோட்டிலும் அது இருக்கிறது, ஆய்வகத்து இருட்டுப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கைப் போட்டால் இவள் கோட்டின் கைநுனி நீலமாக எரிவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், பார்த்து அழகாக இருக்கிறதே என்று நினைத்திருக்கிறாள்.

பொட்டலம். எல்லாம் அந்தப் பொட்டலத்தில்தான் ஆரம்பம். பதினொரு வருஷம் மெட்ரிகுலேஷன் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியலும், ஆள் இல்லாத வருஷங்களில் வேதியியலும் நடத்தியவள் அவள். அங்கே செய்முறைத் தேர்வுக்கு உப்பைக் காகிதப் பொட்டலத்தில்தான் மடித்துக் கொடுப்பார்கள், நாற்பது பொட்டலம், மூலையில் பென்சிலால் எண். படகு மாதிரி மடிப்பதற்கு அவள் கைக்கு இணை அந்தப் பள்ளியிலேயே இல்லை. இங்கே ஆய்வுக்குச் சேர்ந்தபோது எடைபோடும் வெண்ணெய்த்தாள் தீர்ந்துபோயிருந்தது, கோப்பு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள், கண்ணாடித் தட்டுகளைப் பக்கத்து ஆய்வகம் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. அவள் அச்சுப்பொறித் தட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படகாக மடித்து, ஈரப் படிகத்தை அதில் கொட்டி ஆய்வகத்து உலர்த்தும் அடுப்பில் வைத்துவிட்டாள். நன்றாகத்தான் காய்ந்தது, ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொண்டது. ஈரத்தைக் காகிதம் உறிஞ்சினால், காகிதத்தில் இருப்பதை ஈரம் உறிஞ்சாதா என்று அப்போது தோன்றவில்லை. பிறகு வெண்ணெய்த்தாளும் வந்தது, தட்டுகளும் வந்தன, கை பழகிவிட்டிருந்தது. கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் குப்பியில் போடுவாள், காகிதத்தின் மெல்லிய பஞ்சும் கூட வரும், ஊதிவிடுவாள். செய்முறைக் குறிப்பில் என்ன எழுதினாள்? படிகங்கள் வடிகட்டப்பட்டு அடுப்பில் உலர்த்தப்பட்டன. எதன் மேல் என்று எழுதவில்லை. அதை யார் எழுதுவார்கள், எந்தத் தட்டில் சாப்பிட்டோம் என்று யார் எழுதுகிறார்கள்.

"டீ வேணுமா, வெளிய போய்க் குடிச்சுட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள் ஷகிலாக்கா. வேண்டாங்க அக்கா. கருவியின் உள்ளே விசிறி ஒன்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கும் அடியில் செனான் விளக்கின் ரீங்காரம். திரையில் பச்சை எண்கள் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, இன்னும் நிலைக்கு வராமல் அலைந்தன. எத்தனை தடவை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பதினேழு மூலக்கூறுகள் தோற்றன. ஈயமும் புரோமினும் சேர்ந்த எண்முகங்கள் தோளோடு தோள் நின்று ஒரு தகடாக விரியும், அணு கனத் தகடு, பெரோவ்ஸ்கைட் என்ற பெரிய குடும்பத்தின் மிக ஒல்லியான பிள்ளை. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில், பட்டுப்புடவை மடிப்புக்குள் மெல்லிய தாள் வைப்பதுபோல, ஒரு கரிம மூலக்கூறை வைக்க வேண்டும். எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீளமானதை வைத்தால் தகடு நேராக நிற்கும், குறுகிய நீல வெளிச்சம் வரும், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள, சரியான குட்டையான ஒன்றை வைத்தால் தகடு நெளியும், ஓட்டுக்கூரை மாதிரி அலை அலையாக நெளியும். நெளிந்த தகட்டில் ஒளி பட்டால் அங்கே பிறக்கும் மின்னூட்டம் ஓட முடியாமல் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். கயிற்றுக் கட்டிலில் ஆள் படுத்தால் கயிறு தொய்யுமே, அதுபோலத் தன் பாரத்தால் தானே பள்ளம் பண்ணிக்கொண்டு அதற்குள் விழுந்துவிடும். விழுந்த இடத்திலிருந்துதான் அந்த அகலமான வெளிச்சம், ஒரு நிறத்தோடு நிற்காமல் பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து பரவும் வெளிச்சம். பதினெட்டாவது மூலக்கூறில் தகடு நெளிந்தது. எண்ணெயில் முக்கிய விரல்போல வழவழவென்று ஒரு நம்பிக்கை அன்றைக்கு உடம்பெல்லாம் ஓடியது. டார்ச்சை அடித்தாள். வெள்ளை. ஒரே பொருள், கலவை இல்லை, பூச்சு இல்லை, வெள்ளை. சாரைக் கூப்பிட்டாள். சார் வந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குழந்தை முகம் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு பேசிக்கொண்டே இருந்தார். துறை வாசலில் இருக்கும் கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கும் சால்வை போர்த்திய படங்களுக்கும் நடுவில், ஒரு சின்னப் புற ஊதா விளக்கின் கீழ் அந்தக் குப்பியை வைத்தார். யார் வந்தாலும் சுவிட்சைப் போட்டுக் காட்டுவார், நம்ம வெள்ளை என்பார், இந்தப் பெண்ணோட வேலை என்று அவளை முன்னால் இழுத்து நிறுத்துவார். துணைவேந்தரிடம் காட்டினார், பால் கொண்டுவருகிறவரிடமும் காட்டினார். வருகிற மே மாதம் ஓய்வு. முப்பத்தொரு வருஷத்துல இதுதாம்மா என்று ஒரு நாள் மாடிப்படியில் நின்று சொன்னார், வாக்கியத்தை முடிக்கவில்லை. அலைநீளம் நானூற்று நாற்பது நானோமீட்டரில் நிற்கும் அந்த நீல மேட்டுக்கு விளக்கம் தேடி இருவரும் இரண்டு மாதம் உழைத்தார்கள். பள்ளத்தில் விழுவதற்கு முன்பே சில மின்னூட்டங்கள் மேலேயே ஒளிவிட்டு அணைந்துவிடுகின்றன, அவைதான் நீலம், விழுந்தவை மஞ்சள், இரண்டும் சேர்ந்து வெள்ளை. நான்கு பக்கம். கட்டுரையிலேயே அழகான நான்கு பக்கம் அதுதான், படிக்கிற எவருக்கும் மறுப்புச் சொல்லத் தோன்றாது. அந்த மேடு இருக்க வேண்டியதைவிட அகலமாக இருக்கிறதே என்று ஒரு தடவை அவளே கேட்டாள், அதற்கும் அவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். காரணம் கண்டுபிடிப்பது எவ்வளவு சுலபம். விடை தெரிந்துவிட்டால் அதற்குப் படிக்கட்டு கட்டிக்கொண்டே போகலாம்.

அதில் அவளுக்குச் சின்ன வயசிலேயே பழக்கம் உண்டு. யாருக்குத்தான் இல்லை. ஊசல் செய்முறையில் புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், எனவே ஒன்பது புள்ளி எட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அலைவு நேரங்களைக் கொஞ்சம் முன்னே பின்னே கலைத்து எழுதினால் பதிவேட்டில் சிவப்பு மையில் நன்று என்று விழும். கல்லூரியில் அவளுக்கு அப்படி எத்தனை நன்று. பள்ளிக்கு வந்து அந்தச் சிவப்பு மை அவள் கைக்கு வந்தபோது அவளும் அதையே எழுதினாள். ரோஸ்லின் என்று ஒரு பெண், பதினொன்றாம் வகுப்பு, இரட்டைப் பின்னலில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே இருக்கும். பத்து புள்ளி ஏழு என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். என்ன இது, மறுபடி பண்ணு. மறுபடியும் பத்து புள்ளி ஏழு. பக்கத்து மேஜையைப் பாத்தாவது எழுதக்கூடாதா என்றாள் தமயந்தி. "எனக்கு இதுதான் மிஸ் வந்துச்சு" என்றது அந்தப் பெண். திமிராகச் சொல்லவில்லை, வந்ததைச் சொன்னது. மூன்று மதிப்பெண் குறைத்தாள். வருஷக் கடைசியில் சாமான் கணக்கெடுக்கும்போதுதான் நான்காவது மேஜை மீட்டர் அளவுகோலைப் பார்த்தாள், முன்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் உடைந்து, யாரோ அதை நேராக அறுத்துத் தேய்த்து வைத்திருந்தார்கள். அந்த அளவுகோலால் அளந்தால் பத்து புள்ளி ஏழுதான் வரும். அந்த மேஜையில் அந்த வருஷம் முழுக்க ஆறு குழுக்கள் அளந்தன, ஐந்து குழுக்களுக்கு ஒன்பது புள்ளி எட்டு வந்திருந்தது. ரோஸ்லின் அதற்குள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கே போனாள் என்று தமயந்தி கேட்கவில்லை. அளவுகோலைத் தூக்கிப் போட்டாள், அதைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை, சென்னியப்பனிடம்கூட.

இப்போது எதற்கு அது. விளக்கைப் பார், எண்ணைப் பார். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. பள்ளியில் அவள் இடத்தில் வேறு ஆள் வந்து ஆறு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை தவறினால் பதிவு ரத்து, மறுபடி பதிய அனுமதி கேட்டு எழுத வேண்டும், அது வருவதற்குள் சார் போய்விடுவார், புது வழிகாட்டி யார் எடுப்பார், இந்த வயதில், கையில் எதுவும் இல்லாமல். கையில் எதுவும் இல்லாமலா? கறுப்பு மூடி இருக்கிறதே. அதை உள்ளே வைத்தால் வெள்ளை வரும், வளைகோட்டில் நீல மேடு நிற்கும், மதிப்பீட்டாளர் கேட்டதும் அதுதானே, புதிய தொகுதி, மறு அளவு. பொய் ஒன்றும் இல்லை. புதிய தொகுதிதான். அளந்ததுதான். அவள் எத்தனை தடவை காகிதத்தில் காயவைத்தாலும் அத்தனை தடவையும் வெள்ளை வரும், இதைவிட நிலையான முடிவு எங்கே கிடைக்கும். சிவப்பு மூடியை வீட்டுக்குப் போகிற வழியில் பாலத்திலிருந்து நொய்யலில் எறிந்துவிடலாம். ஈயம், தண்ணீரில் போடக்கூடாது. ஆய்வகக் கழிவுப் பெட்டியில் போடலாம். யாருக்கும் தெரியாது. ஒருவேளை நீலம் உண்மையிலேயே பொடியிலிருந்தும் வரலாம், அதையும் யோசிக்க வேண்டும், காகிதமே காரணம் என்று யார் கண்டது, அவள் பயந்தே பழகியவள், அம்மா அடிக்கடி சொல்வாள், வராத காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய் என்று. ஒருவேளை இரண்டிலும் வெள்ளை வரும். இரண்டிலும் வந்துவிட்டால் இன்றைக்கு இரண்டு கிலோ நெய் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய் ஷகிலாக்காவுக்கு, சாருக்கு, சென்னியப்பனுடைய யூனிட் முழுக்க. வந்துவிடும். வராது. கண்ணாடியில் காயவைத்தபோதே, அடுப்பைத் திறந்து எடுத்தபோதே, அந்தப் பொடி பகலிலும் கொஞ்சம் மங்கலாக இருந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததால்தான் டார்ச்சைத் தொடவில்லை.

கட்டுரை வெளியாகும். எங்கோ குளிரான ஊரில் ஒரு பெண் அதைப் படிப்பாள். ஏன் பெண் என்று தமயந்திக்குத் தெரியவில்லை, ஆனால் அவளைத் தெளிவாகப் பார்த்தாள், கம்பளித் தொப்பி, வெடித்த உதடு. இவள் எழுதியபடியே அதே மூலக்கூறை வாங்கி, அதே அளவில் கலந்து, படிகம் விளைத்து, அங்கே தட்டுக்கு என்ன பஞ்சம், சுத்தமான கண்ணாடித் தட்டில் காயவைப்பாள். மஞ்சள் வரும். மறுபடி செய்வாள், மஞ்சள். தன் கை சரியில்லை என்று நினைப்பாள். அமிலத்தை மாற்றுவாள், வெப்பத்தை மாற்றுவாள், இரண்டு மாதம், நான்கு மாதம். அவளுடைய வழிகாட்டி அவளைப் பார்த்து, இந்தியாவில் ஒருவருக்கு வந்திருக்கிறதே, உனக்கு ஏன் வரவில்லை என்பார். எனக்கு இதுதான் வந்தது என்று அவள் அவளுடைய மொழியில் சொல்லுவாள், திமிராக அல்ல, வந்ததை. தமயந்திக்குக் கண்ணில் நீர் முட்டியது, குளிர்க்காற்றுதான். ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்திருக்கும் அவளுக்கு.

"நிலைக்கு வந்துருச்சு" என்றாள் ஷகிலாக்கா. எண்கள் நின்றிருந்தன. மணி பதினொன்று இருபத்தெட்டு. "எது மொதல்ல?" தமயந்தி பையின் ஜிப்பைத் திறந்தாள். விரல்கள் இரண்டு மூடிகளையும் தொட்டன, இரண்டும் ஒரே குளிர்ச்சி, தொட்டால் நிறம் தெரியாது. எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு. ஷகிலாக்கா பொடியைச் சின்னக் கிண்ணத்தில் நிரப்பி, கண்ணாடி வில்லையால் அழுத்தி, கருவியின் வயிற்றுக்குள் தள்ளிக் கதவை மூடினாள். திரையில் வெள்ளைக் கட்டம் விரிந்தது, இடது ஓரத்திலிருந்து சிவப்புக் கோடு ஒன்று புறப்பட்டது. முந்நூற்றுத் தொண்ணூறு. நானூறு. இப்படிக் கோடு ஊர்வதைப் பார்க்கும்போது அவளுக்கு எப்போதும் மருத்துவமனையில் அப்பாவின் தலைமாட்டில் இருந்த திரை ஞாபகம் வரும், அங்கே மேடு வந்தால் நிம்மதி. நானூற்று இருபது. வா. நானூற்று முப்பது. கோடு தரையோடு தரையாகப் போனது. நானூற்று நாற்பது. அந்த இடத்தில்தான் நான்கு பக்கம், அந்த இடத்தில்தான் இரண்டு மாதம், அங்கே ஒரு சின்னச் சுருக்கம்கூட இல்லை, பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. நானூற்று அறுபது, எண்பது. அவள் மூச்சை விட்டாள். ஐந்நூறைத் தாண்டியபோது கோடு மெல்ல எழுந்தது, அவசரமில்லாமல் ஏறியது, ஐந்நூற்று எண்பதில் உச்சிக்குப் போய், ஏறியதைவிட நிதானமாக இறங்கத் தொடங்கியது. மஞ்சள். மஞ்சள் மட்டும்.

பயம் என்று இத்தனை நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தது எழுந்து போய்விட்டதுபோல இருந்தது, அது இருந்த இடம் மட்டும் சூடாக இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. "என்ன, உன் நீலத்தைக் காணோம்?" என்றாள் ஷகிலாக்கா. இருபத்திரண்டு வருஷம் வளைகோடுகளைப் பார்த்தவள், கேட்காமல் இருப்பாளா. "அடுத்ததக் குடு, அதுல இருக்கும்." அதில் இருக்கும். இன்னும் பதினைந்து நிமிடம், ஓர் அளவு. கறுப்பு மூடி உள்ளங்கையில் உருண்டது. இதைக் கொடுத்தால் அவளுடைய வெள்ளைக்கு இன்னும் ஒரு வளைகோடு கிடைக்கும், கொடுக்காவிட்டால் கிடைக்காது, அவ்வளவுதான், கதவு திறந்தே இருக்கிறது. அவள் குப்பியைப் பைக்குள் போட்டாள். எழுந்து, ஷகிலாக்காவின் அச்சுப்பொறித் தட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவினாள், மேஜைக் கத்தரிக்கோலால் ஒரு வட்டம் வெட்டினாள், கை தானாக அதைப் படகாக மடிக்கப் போனது, நிறுத்தினாள். "இத வைங்க அக்கா."

"எதை? வெறும் பேப்பரையா?" ஷகிலாக்கா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்து நாள் காத்திருந்து நேரம் வாங்கி வெறும் பேப்பரை அளந்த மொத ஆளு நீதான். ஜுரம் கிரம் இருக்கா உனக்கு?" இல்லீங்க அக்கா, வைங்க. அவள் வைத்தாள். கோடு புறப்பட்டது. நானூறிலேயே எழுந்துவிட்டது, தயக்கமே இல்லாமல், சொந்த வீட்டுக்குள் நுழைகிறவன்போல. நானூற்று நாற்பதில் உச்சி. அதே உயரச் சரிவு, அதே இடதுதோள், காரணம் கண்டுபிடித்துச் சரிக்கட்டிய அதே அகலம். இரண்டு வருஷமாக அவள் கனவில்கூட வரைந்துவிடக்கூடிய மேடு. வணக்கம் என்று சொல்லத் தோன்றியது அவளுக்கு. ஷகிலாக்கா திரையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், பிறகு தமயந்தியைப் பார்த்தாள். ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டுக்கொண்டு, "கோப்புக்கு என்ன பேரு போடட்டும்?" என்று மட்டும் கேட்டாள், குரலைத் தாழ்த்தி. "காகிதம்னு போடுங்க." போட்டாள். "முன்னதுக்கு?" முன்னதற்கு என்ன பெயர் என்று தமயந்திக்குத் தெரியவில்லை. "தேதி மட்டும் போடுங்க அக்கா."

கைப்பேசியை எடுத்து, சாருடைய பெயரைத் தொட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பயோடெக் பெண் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார், பின்னணியில் அவர் அறை மின்விசிறியின் கடகடப்பு. "வந்துருச்சாம்மா?" வந்துருச்சு சார். "நீலம்?" இல்லை சார், மஞ்சள் மட்டும்தான். கடகடப்பு. "சாம்பிள் ஈரமா இருந்திருக்கும்." இல்லை சார், நல்லாக் காஞ்சுது, இந்தத் தடவை கண்ணாடியில காயவெச்சேன். "எப்பவும் எதுல காயவெப்பே?" ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அதை ஒருவர் கேட்டார். பேப்பர்ல சார், பிரிண்டர் பேப்பர், இப்ப வெறும் பேப்பரை வெச்சு அளந்தேன், நானூற்று நாற்பதுல இருக்கு சார், அதே மேடு, அந்த நீலம் நம்மளது இல்லீங்க சார். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. நடக்கிறார் என்று தெரிந்தது, செருப்புச் சத்தம், கதவு, தாழ்வாரத்தின் எதிரொலி, பிறகு டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கண்ணாடி அலமாரியின் சுவிட்ச். போட்டாரா, அணைத்தாரா. காதைக் கைப்பேசியோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள், அவர் குனிந்து நிற்பது தெரிந்தது, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருப்பார். "வெள்ளிக்கிழமை குடுக்க முடியாது" என்றார் கடைசியில். முடியாது சார். "கட்டுரைய நாமளே திரும்ப வாங்கணும். காரணத்தையும் எழுதணும், பேப்பர்னு." எழுதறேன் சார். வெளியே பயோடெக் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், ஷகிலாக்கா அவளைப் பார்த்துக் கையமர்த்தினாள். "மஞ்சள் எங்க உச்சி?" என்றார் சார். ஐந்நூற்று எண்பது சார். "அகலம்?" அது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த மஞ்சளைத் தனியாக ஒருவரும் அளந்ததே இல்லை, எப்போதும் அதன் தோளில் ஒரு நீலம் கை போட்டு நின்றிருந்தது. "இருங்க சார், பாத்துச் சொல்றேன்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள், தேதி மட்டும் போட்ட கோப்பைத் திறந்தாள். அந்தக் கோடு ஏறுகிற இடத்தில் ஒரு விரலையும் இறங்குகிற இடத்தில் ஒரு விரலையும் வைத்து, நடுவில் உள்ள கட்டங்களை எண்ணத் தொடங்கினாள்.